அறிமுகத்திற்குப் பின்னான மேம்பாட்டை மதிப்பிடல்: பிளேஸ்டேஷன் 3 கருவியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காணொளி விளையாட்டுக் கருவி ஒன்று சந்தைக்கு வந்த நாளில் இருந்த நிலையிலேயே நின்றுவிடுவதில்லை. இயக்க மென்பொருள் மாறுகிறது. வன்பொருள் மறுவடிவம் பெறுகிறது. அதற்கென உருவாகும் விளையாட்டுகளின் தரமும் உயர்கிறது. இம்மாற்றங்கள் அனைத்தையும் ‘மேம்பாடு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் மதிப்புரைகளில் நிலைத்துள்ளது. 2006-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3 கருவியின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, அவ்வழக்கம் எவ்விடங்களில் பிழைபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சேர்க்கை, குறைதீர்வு, நீக்கம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தாமல் மேம்பாட்டைத் தீர்மானிக்க இயலாது என்பதும், யாருடைய கருவி, எந்த நாளில் என்னும் இரண்டையும் வரையறுக்காத தீர்ப்பு பொருளற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, பிளேஸ்டேஷன் 3, இயக்க மென்பொருள், மேம்பாடு, நீக்கம், பதிப்பு, திறனாய்வு அளவை.

முன்னுரை

நூல் ஒன்றின் முதற்பதிப்பைப் படித்து எழுதிய மதிப்புரை, அந்நூலின் திருத்திய பதிப்புக்கும் அப்படியே பொருந்தும் என எவரும் கருதுவதில்லை. எப்பதிப்பைக் கொண்டு எழுதினோம் என்பதைக் குறிப்பிடுவது திறனாய்வாளரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. மின்னணுக் கருவிகளைப் பற்றிய எழுத்தில் இக்கடமை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. கருவியின் பெயர் மாறாதிருப்பதால் கருவியும் மாறவில்லை என்னும் மயக்கம் ஒருபுறம். மாற்றங்கள் யாவும் முன்னேற்றமே என்னும் நம்பிக்கை மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையில் உண்மையான மதிப்பீடு தொலைந்துபோகிறது.

மொழிவழக்கும் இம்மயக்கத்திற்குத் துணைபோகிறது. கருவிக்கு இணையம்வழி வந்துசேரும் புதிய மென்பொருளைத் தமிழில் ‘புதுப்பிப்பு’, ‘இற்றைப்படுத்தல்’, ‘மேம்படுத்தல்’ எனப் பலவாறு எழுதுகிறோம். பேச்சில் ‘அப்டேட்’ என்கிறோம். இவற்றுள் ‘மேம்படுத்தல்’ என்பது செயலைக் குறிப்பதோடு அச்செயல் நன்மை பயந்தது என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆராய்ந்து அடையவேண்டிய முடிவை ஆய்வுப்பொருளின் பெயரிலேயே வைத்துவிடுவது முறையன்று. எனவே இக்கட்டுரையில் மென்பொருள் மாற்றங்கள் ‘புதுப்பிப்பு’ என்றே குறிக்கப்படுகின்றன. ‘மேம்பாடு’ என்னும் சொல் தீர்ப்பு வழங்கும் இடத்தில் மட்டுமே ஆளப்படுகிறது.

பிளேஸ்டேஷன் 3 இவ்வாய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் காலநீட்சி. 2006 நவம்பரில் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும், 2007 மார்ச்சில் ஐரோப்பாவிலும் வெளியான இக்கருவியின் உற்பத்தி ஜப்பானில் 2017 வரை தொடர்ந்தது. இரண்டாவது, அதன் வரலாற்றில் சேர்க்கையும் நீக்கமும் ஒருங்கே அமைந்துள்ளன. சேர்க்கை மட்டும் நிகழ்ந்த ஒரு கருவியைக் கொண்டு மேம்பாட்டின் அளவைகளைச் சோதிக்க இயலாது.

ஒரு பெயர், மூன்று பொருள்கள்

‘பிளேஸ்டேஷன் 3 அறிமுகமான நாளிலிருந்து மேம்பட்டுள்ளது’ என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். இக்கூற்றின் எழுவாய் எது என்று வினவினால் மூன்று விடைகள் கிடைக்கின்றன.

ஒன்று, 2006-இல் ஒருவர் விலைகொடுத்து வாங்கித் தம் வீட்டில் வைத்துள்ள குறிப்பிட்ட கருவி. இரண்டு, அதே பெயரில் ஒவ்வோர் ஆண்டும் கடைகளில் விற்கப்பட்ட பண்டவரிசை. மூன்று, அக்கருவிக்கென வெளிவந்த விளையாட்டுகளும் இணையச் சேவைகளும் சேர்ந்த தொகுதி. முதலாவது புதுப்பிப்புகளால் மட்டுமே மாறும். இரண்டாவது தொழிற்சாலையில் மாறும். மூன்றாவது, கருவியில் எம்மாற்றமும் நிகழாதபோதும் வளரும் அல்லது தேயும்.

மூன்றும் ஒரே திசையில் நகர்ந்தால் சிக்கல் இல்லை. பிளேஸ்டேஷன் 3-இன் வரலாற்றில் அவை வெவ்வேறு திசைகளில் நகர்ந்தன. கடையில் விற்ற கருவி விலை குறைந்துவந்த அதே காலத்தில் அதன் சில ஆற்றல்கள் அகற்றப்பட்டன. வீட்டிலிருந்த கருவி புதிய வசதிகளைப் பெற்றுவந்த அதே வழியில் ஒரு பழைய வசதியை இழந்தது. எனவே ஒன்றைப் பற்றிய உண்மையை மற்றொன்றின்மேல் ஏற்றிக் கூறும் மதிப்புரை, தன்னையறியாமலே பொய்யுரைக்கிறது.

வெளியீட்டு நாளின் நிலை

மேம்பாட்டை அளக்கத் தொடக்கப்புள்ளி தேவை. வட அமெரிக்காவில் 20 ஜிபி கருவி 499 டாலருக்கும் 60 ஜிபி கருவி 599 டாலருக்கும் விற்கப்பட்டன. அன்றைய போட்டிக் கருவிகளோடு ஒப்பிட இது மிகுந்த விலை. எனினும் உற்பத்திச் செலவு இதனினும் மிகுதி. கருவியைப் பிரித்து ஆராய்ந்த ஐசப்ளை நிறுவனம் 60 ஜிபி கருவியின் செலவை ஏறத்தாழ 840 டாலர் என மதிப்பிட்டது. நட்டத்தில் விற்கப்பட்ட ஒரு பொருள் பின்னாளில் எவ்வழியில் மாறும் என்பதற்கான விடையின் பெரும்பகுதி இவ்வெண்களிலேயே உள்ளது.

அந்நட்டத்திற்கு ஈடாக வாங்கியவர் பெற்றவை பல. சோனி, தோஷிபா, ஐபிஎம் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய ‘செல்’ என்னும் செயலி. புளூ-ரே வட்டு இயக்கி. பயனரே மாற்றிக்கொள்ளத்தக்க வன்தட்டு. முந்தைய தலைமுறையான பிளேஸ்டேஷன் 2-இன் சில்லுகளையே உள்ளடக்கியதால் அதன் வட்டுகளை இயக்கும் ஆற்றல். லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள உதவும் ‘அதர் ஓஎஸ்’ என்னும் வசதி ஆகியன அவை.

குறைகளும் வெளிப்படையானவை. கையியக்கியில் அதிர்வு இல்லை. பிளேஸ்டேஷன் 2-இன் இயக்கியில் இருந்த வசதி அது. அடுத்த தலைமுறையில் காணாமற்போனது. ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது வேறு பணி எதுவும் செய்ய இயலவில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போது முதன்மைப் பட்டியலைத் திறந்து நண்பரின் செய்தியைப் படிக்க முடியவில்லை. இவை யாவும் வன்பொருளின் இயலாமையால் நேர்ந்தவை அல்ல. பணி முடியுமுன்னரே கருவி கடைக்கு வந்துவிட்டதன் அடையாளங்கள்.

கடனும் கொடையும்: மென்பொருள்வழிச் சேர்க்கைகள்

2007 மார்ச்சில் வந்த 1.60 பதிப்பு பின்னணித் தரவிறக்கத்தை அளித்தது. அவ்வாண்டு மே மாதம் வந்த 1.80 பதிப்பு டிவிடி படங்களையும் பழைய விளையாட்டுகளையும் உயர் தெளிவுத் திரைக்கேற்ப விரித்துக்காட்டியது. 2008 மார்ச்சில் வந்த 2.20 பதிப்பு, புளூ-ரே வட்டுகளின் இணையவசதித் தரத்தைக் கருவிக்குக் கொண்டுவந்தது. 2008 ஜூலையில் வந்த 2.40 பதிப்பு, விளையாட்டின் நடுவே முதன்மைப் பட்டியலைத் திறக்கும் வசதியையும் ‘கோப்பை’ விருதுமுறையையும் சேர்த்தது. இப்பதிப்பு சில கருவிகளைத் தொடங்கவிடாமல் செய்தமையால் உடனே திரும்பப் பெறப்பட்டு, சில நாள்களில் 2.41 எனத் திருத்தி வெளியிடப்பட்டது. புதுப்பிப்பு என்பது எப்போதும் இடரற்ற செயல் அன்று என்பதற்கு இது தொடக்கச் சான்று.

இச்சேர்க்கைகள் ஒரே தன்மையன அல்ல. பின்னணித் தரவிறக்கமும் விளையாட்டின் நடுவே திறக்கும் பட்டியலும் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியவை. குறிப்பாகப் பின்னதை ஒத்த வசதி, ஓராண்டு முன்னதாக வெளியான எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் முதல்நாளே இருந்தது. அதிர்வும் அவ்வகையினதே. ‘டூயல்ஷாக் 3’ என்னும் அதிர்வுடைய இயக்கி 2007 நவம்பரில் ஜப்பானிலும் 2008-இல் பிற நாடுகளிலும் விற்பனைக்கு வந்தது. முதற்கருவியை வாங்கியவர், முந்தைய தலைமுறையில் பெற்றிருந்த வசதியை மீண்டும் பெறத் தனியே பணம் செலுத்தவேண்டியிருந்தது. இவற்றைக் கடன் தீர்த்தல் என்பதே பொருந்தும்.

டிவிடி விரித்துக்காட்டலும் புளூ-ரே தர உயர்வும் வேறுவகையின. வாங்கிய நாளில் எவரும் தமக்கு உரியதெனக் கருதாதவை அவை. 1.60 பதிப்போடு வந்த ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ பங்கேற்பும் இத்தகையது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இப்புரத மடிப்பு ஆய்வுத்திட்டத்திற்குக் கருவியின் உரிமையாளர்கள் தம் கருவி வாளாவிருக்கும் நேரத்தை வழங்கினர். பெரும்பாலும் இவர்களின் பங்களிப்பால் அத்திட்டம் 2007 செப்டம்பரில் ஒரு பெட்டாஃப்ளாப் கணிப்புத்திறனைக் கடந்தது. இது உண்மையான கொடை. ஆனால் 2012 நவம்பரில் இப்பங்கேற்பு நிறுத்தப்பட்டது என்பதையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும். கொடை நிலையானதன்று.

கடன் தீர்ந்ததைக் கொடையாகப் பாராட்டும் மதிப்புரை இரு தவறுகளைச் செய்கிறது. முடிவடையாத பொருளை விற்பதை நியாயப்படுத்துகிறது. உண்மையில் கூடுதலாக வழங்கப்பட்டவற்றின் மதிப்பையும் குறைக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். பரவலாகப் பழுதடைந்த அக்கருவிக்கு 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் குறிப்பிட்ட பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பின்னர் வந்த கருவிகள் குறைவாகப் பழுதடைந்ததை மேம்பாடு எனில், எதனோடு ஒப்பிட்டு என்ற வினா எழும். அறிமுக நாளின் உண்மை நிலையோடு ஒப்பிட்டால் மேம்பாடு; அறிமுக நாளின் வாக்குறுதியோடு ஒப்பிட்டால் சொன்னதைச் செய்ததே.

வன்பொருள் பதிப்புகளும் பாடவேறுபாடுகளும்

பிளேஸ்டேஷன் 3 ஒரே பெயரில் பல பதிப்புகளாக வெளிவந்தது. ஐரோப்பாவில் வெளியான 60 ஜிபி கருவியிலேயே பிளேஸ்டேஷன் 2-இன் மையச் செயலி நீக்கப்பட்டு, அப்பணியின் ஒரு பகுதி மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. இதனால் இயங்கும் பழைய விளையாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. 2007-இன் இறுதியில் வந்த 40 ஜிபி கருவியில் பிளேஸ்டேஷன் 2 வட்டுகள் அறவே இயங்கவில்லை. யூஎஸ்பி செருகிகள் நான்கிலிருந்து இரண்டாயின. நினைவட்டைப் படிப்பான் அகன்றது. எஸ்ஏசிடி வகை இசைவட்டுகளை இயக்கும் ஆற்றலும் போயிற்று. வட அமெரிக்க விலை 399 டாலராகக் குறைந்தது.

2009 செப்டம்பரில் வந்த மெலிந்த வடிவம் 299 டாலருக்கு விற்கப்பட்டது. செல் செயலி 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலிருந்து 45 நானோமீட்டருக்குச் சுருங்கியிருந்தது. முதற்கருவியின் எடை ஏறத்தாழ 5 கிலோ; இதன் எடை ஏறத்தாழ 3.2 கிலோ. மின்நுகர்வும் வெப்பமும் விசிறியின் இரைச்சலும் வெகுவாகக் குறைந்தன. 2012-இல் வந்த மூன்றாம் வடிவம் ஏறத்தாழ 2.1 கிலோ எடையே கொண்டது.

மெலிந்த வடிவம் பொறியியல் நோக்கில் சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. 2010 மார்ச் 1 அன்று நிகழ்ந்தது இதற்கு எதிர்பாராத சான்றாயிற்று. பழைய கருவிகளின் உட்கடிகாரம் 2010-ஐ லீப் ஆண்டாகக் கணித்ததால் அவை இணையச் சேவையில் இணைய முடியாமற்போயின; கோப்பை விருதுகளைக் கொண்ட சில விளையாட்டுகள் இணையமின்றியும் திறக்கவில்லை. மெலிந்த கருவிகளுக்கு இச்சிக்கல் நேரவில்லை. ஏறத்தாழ ஒரு நாளில் சிக்கல் தானே தீர்ந்தது. ஆயினும், சேர்க்கையாகப் பாராட்டப்பட்ட கோப்பைமுறை கருவிக்குப் புதியதொரு சார்பையும் கொண்டுவந்திருந்தது என்பது அன்று வெளிப்பட்டது.

இப்பதிப்பு வரலாற்றை எவ்வாறு மதிப்பிடுவது? விலை, எடை, வெப்பம், நம்பகம் ஆகியவற்றில் உயர்வு. ஏற்கும் வட்டுகளின் வகையில் தாழ்வு. பழைய வட்டுகளை வைத்திருப்பவருக்கு 2006-ஆம் ஆண்டுக் கருவியே சிறந்தது. வைத்திராதவருக்கு 2009-ஆம் ஆண்டுக் கருவி. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் தருவது இயலாது. சுவடிப்பதிப்பில் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியர், அவற்றுள் ஒன்றைத் தாம் ஏற்றாலும் பிறவற்றை மறைப்பதில்லை. கருவியின் மதிப்புரையாளருக்கும் அதே நெறி பொருந்தும்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 2011 அக்டோபர் முதல் பிளேஸ்டேஷன் 2-இன் விளையாட்டுகள் சில ‘கிளாசிக்ஸ்’ என்னும் பெயரில் இணையக் கடையில் விற்பனைக்கு வந்தன. பழைய சில்லுகள் இல்லாத கருவிகளிலும் அவை இயங்கின. ஆனால் அதே விளையாட்டின் வட்டை ஏற்கெனவே வைத்திருந்தவர் அதனை அக்கருவிகளில் இட்டு விளையாட முடியவில்லை. வசதியாக இருந்த ஒன்று நீக்கப்பட்டுப் பின்னர் விற்பனைப் பொருளாகத் திரும்பிவந்தது. அறிவிப்பில் இது சேர்க்கை. வரலாற்றில் இது மாற்றீடு.

நீக்கமும் ஒப்புதலும்

மேற்கூறிய வன்பொருள் நீக்கங்களில் ஒரு நேர்மை உண்டு. புதிய கருவியை வாங்குபவர் அதில் என்ன இல்லை என்பதை அறிந்து வாங்கலாம். பழைய கருவியை வைத்திருப்பவரிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 பதிப்பு இந்நேர்மையைக் கடந்தது.

மெலிந்த வடிவம் ‘அதர் ஓஎஸ்’ வசதியின்றியே வெளிவந்திருந்தது. 3.21 பதிப்பு அவ்வசதியைப் பழைய கருவிகளிலிருந்தும் நீக்கியது. காரணமாகப் பாதுகாப்பு கூறப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில், அவ்வசதியின் வழியே கருவியின் காப்பரண் ஒன்று உடைக்கப்பட்டிருந்தது என்பது இதன் பின்னணி. புதுப்பிப்பை நிறுவுவது கட்டாயமன்று. ஆனால் நிறுவ மறுப்பவர் இணையச் சேவையை இழப்பார். இணையவழி விளையாட இயலாது. பிற்காலப் பதிப்பைக் கோரும் புதிய விளையாட்டுகளும் இயங்கா. அதாவது, தமக்கு உரியனவாக இருந்த இரண்டனுள் ஒன்றைத் துறக்குமாறு உரிமையாளர் கேட்கப்பட்டார். இதனை ஒப்புதல் என்பது சொல்லளவிலேயே பொருந்தும்.

இழப்பு யாருக்கு? எண்ணிக்கையில் சிறுபான்மையினருக்கே. ஆனால் அச்சிறுபான்மையினர் எத்தகையோர் என்பதும் நோக்கத்தக்கது. மாசசூசெட்ஸ் டார்ட்மத் பல்கலைக்கழக இயற்பியலாளர் கௌரவ் கன்னா, 2007-இல் இக்கருவிகளை இணைத்துக் கருந்துளை தொடர்பான கணிப்புகளை நிகழ்த்தினார். அமெரிக்க வான்படை ஆய்வகம் 1,760 கருவிகளை இணைத்து உருவாக்கிய ‘காண்டோர்’ என்னும் கணினித் தொகுதி 2010-இன் இறுதியில் அறிமுகமானது. இத்தொகுதிகள் சோனியின் இணையச் சேவையில் இணையத் தேவையில்லை. ஆகவே புதுப்பிப்பை ஏற்கவும் தேவையில்லை. எனினும், பழுதுற்ற கருவிக்கு ஈடாகக் கடையில் வாங்கும் புதுக்கருவி அவற்றுக்குப் பயன்படாது. குறைந்த செலவில் உயர்கணிப்புத் திறனை நாடிய ஆய்வாளருக்கு ஒரு வாயில் மூடப்பட்டது.

நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையாகக் கருதவேண்டும். காப்பரண் உடைந்தால் திருட்டுப்படிகள் பெருகும். இணையவழி ஆட்டத்தில் ஏமாற்று பெருகும். அதனால் பெரும்பான்மையினர் பாதிப்புறுவர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அது தன் முடிவாலேயே சோதிக்கப்பட வேண்டும். நீக்கம் நிகழ்ந்து ஒன்பது மாதங்கள் கழிந்து, 2010 டிசம்பரில் பெர்லினில் நடைபெற்ற கேயாஸ் கணினியியல் மாநாட்டில், கருவியின் மறையீட்டுக் கையொப்ப முறையில் மாறவேண்டிய ஓர் எண் மாறாமலே பயன்படுத்தப்பட்ட பிழையை ஒரு குழுவினர் வெளிப்படுத்தினர். காப்பரண் அடிப்படையிலேயே தகர்ந்தது. 2011 ஏப்ரலில் இணையச் சேவையின் வழங்கிகளுக்குள் ஊடுருவல் நிகழ்ந்து, ஏறத்தாழ 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் தரவுகள் பாதிப்புக்குள்ளாயின. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் முடங்கியது. இவ்வூடுருவலுக்கும் ‘அதர் ஓஎஸ்’ வசதிக்கும் நேரடித் தொடர்பு உண்டெனக் கூற இயலாது. பாதுகாப்பின் பொருட்டு ஒரு வசதியைக் கைவிட்ட பயனர் அப்பாதுகாப்பைப் பெற்றாரா என்ற வினாவுக்கு மட்டுமே இந்நிகழ்வுகள் விடை தருகின்றன. பெறவில்லை என்பதே அவ்விடை.

நீக்கத்திற்கு எதிராகக் கலிஃபோர்னியாவில் தொடரப்பட்ட குழுவழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 2018-இல் 37.5 இலட்சம் டாலர் தீர்வுத்தொகையுடன் நிறைவுக்கு வந்தது. சட்டத்தின் கண்ணில் இதன் பொருள் எதுவாயினும், திறனாய்வின் கண்ணில் ஒன்று தெளிவு. விற்ற பின்னரும் பொருளின் இயல்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் விற்றவரிடமே எஞ்சியிருந்தது. புதுப்பிப்புகளால் நன்மை வந்தபோது இவ்வதிகாரம் கண்ணுக்குப் புலப்படவில்லை. நன்மையைக் கொண்டுவந்த அதே வழியில்தான் இழப்பும் வந்தது.

மாறாத கருவி, வளர்ந்த விளையாட்டுகள்

மூன்றாவது பொருளுக்கு வருவோம். கருவியின் செல் செயலியில் ஒரு பொதுச்செயலியும் துணைச்செயலிகள் எட்டும் இருந்தன. எட்டில் ஒன்று உற்பத்தி வசதிக்காக முடக்கப்பட்டது. மற்றொன்று இயங்குதளத்திற்கு ஒதுக்கப்பட்டது. விளையாட்டுகளுக்கு எஞ்சியவை ஆறு. நினைவகமோ 256 மெகாபைட் செயலிக்கும் 256 மெகாபைட் வரைகலைக்கும் எனப் பிரிந்திருந்தது. துணைச்செயலிகளுக்கேற்பப் பணியைப் பகுத்தளிப்பது நிரலர்களுக்குக் கடினமாக இருந்தது. அதனால் தொடக்க ஆண்டுகளில் இரு கருவிகளுக்கும் பொதுவாக வெளிவந்த பல விளையாட்டுகள் எக்ஸ்பாக்ஸ் 360-இலேயே சீராக இயங்கின.

2006-இல் கருவியோடு வெளியான ‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ விளையாட்டையும் 2013-இல் வெளியான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டையும் அருகருகே வைத்து நோக்குபவர், இரண்டும் ஒரே செயலியில், ஒரே அளவு நினைவகத்தில் இயங்குபவை என்பதை எளிதில் நம்பார். இடையில் நிகழ்ந்தது கருவியின் மாற்றமன்று; கருவியைப் பயில்வோரின் தேர்ச்சி. 2010-இல் வந்த ‘காட் ஆஃப் வார் 3’, உருவங்களின் விளிம்பைச் சீராக்கும் பணியை வரைகலைச் சில்லிடமிருந்து எடுத்துத் துணைச்செயலிகளிடம் ஒப்படைத்தது. தொடக்கத்தில் தடையாகத் தோன்றிய அமைப்பு, கற்றவர் கையில் வளமாயிற்று.

இவ்வளர்ச்சிக்கும் எல்லை இருந்தது. 2011-இல் வெளியான ‘ஸ்கைரிம்’ விளையாட்டு இக்கருவியில், சேமிப்புக் கோப்பு பெருகப் பெருகத் தடுமாறியது. வெவ்வேறு விளையாட்டுகளில் இருக்கும் நண்பர்கள் குரல்வழி உரையாடும் வசதி இக்கருவிக்கு இறுதிவரை வரவேயில்லை. நினைவகப் போதாமையே அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. எப்புதுப்பிப்பாலும் கடக்க இயலாத எல்லைகளை வெளியீட்டு நாளின் வன்பொருள் முடிவுகள் வகுத்துவிடுகின்றன. ஆகவே அறிமுக நாளின் மதிப்புரை பயனற்றதாகிவிடுவதில்லை. பின்னர் மாறக்கூடியது எது, மாறவே இயலாதது எது எனப் பகுத்துரைத்த மதிப்புரை காலத்தைக் கடந்தும் பயன்படும்.

பிற்கால நிலை

உற்பத்தி நின்ற பின்னரும் கருவியின் வரலாறு முடிவதில்லை. 2021 மார்ச்சில் இக்கருவிக்கான இணையக் கடை அவ்வாண்டு ஜூலையில் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, ஏப்ரலில் அம்முடிவு கைவிடப்பட்டது. இணையத்தில் மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகள் பல இம்முடிவைச் சார்ந்தே தம் இருப்பைக் கொண்டிருந்தன. புதுப்பிப்புகள் அதன் பின்னரும் வந்தன. அவற்றுள் பலவும் புளூ-ரே மறைச்சாவியைப் புதுப்பிப்பவை. புதிய வட்டுகள் தொடர்ந்து இயங்குவதற்கே அவை தேவை. எதையும் கூட்டாமல், இருந்த நிலையில் நிற்பதற்கே புதுப்பிப்பு தேவைப்படும் இந்நிலையை மேம்பாடு என்று குறிக்க இயலாது. பராமரிப்பு என்பதே உரிய சொல்.

மதிப்பீட்டுக்கான அளவைகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து, கருவியொன்றின் மேம்பாட்டை மதிப்பிடுவோர் எழுப்பவேண்டிய வினாக்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. மதிப்பிடப்படுவது எது? வீட்டிலுள்ள கருவியா, கடையிலுள்ள பண்டமா, விளையாட்டுத் தொகுதியா?
2. எந்த வன்பொருள் வடிவம், எந்த மென்பொருள் பதிப்பு, எந்த நாள்?
3. சேர்ந்தது கடன் தீர்த்தலா, கொடையா? ஒப்பீடு அறிமுக நிலையோடா, அறிமுக வாக்குறுதியோடா?
4. எது நீக்கப்பட்டது? நீக்கத்தை மறுக்கும் உரிமை பயனருக்கு உண்மையில் இருந்ததா? மறுத்தால் எதை இழக்க நேரிட்டது?
5. முந்தைய நிலைக்குத் திரும்ப இயலுமா?

இறுதி வினா ஆய்வாளருக்குத் தனியே முதன்மையானது. நூலின் முதற்பதிப்பு நூலகத்தில் கிடைக்கும். திருத்திய பதிப்போடு ஒப்பிடலாம். புதுப்பிக்கப்பட்ட கருவியில் முந்தைய மென்பொருள் அழிந்துவிடுகிறது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை நிறுவனம் அளிப்பதில்லை. 2006 நவம்பரில் அக்கருவி எவ்வாறு இயங்கியது என்பதை அறிய விரும்புபவர், புதுப்பிக்கப்படாத கருவி கிடைக்காதவரை, அன்றைய மதிப்புரைகளையே நம்பவேண்டியுள்ளது. அம்மதிப்புரைகள் நாளும் பதிப்பும் குறிக்காது எழுதப்பட்டிருப்பின் அவ்வழியும் அடைபடுகிறது. கருவி மதிப்புரை வாங்குவோருக்கான வழிகாட்டியாக மட்டும் நின்றுவிடாமல், காலப்போக்கில் ஆவணமாகவும் மாறுவது இதனாலேயே.

முடிவுரை

பிளேஸ்டேஷன் 3 மேம்பட்டதா என்னும் வினாவுக்கு இக்கட்டுரை தரும் விடை பின்வருமாறு அமைகிறது. முதற்கருவியை வாங்கி விளையாடுவதற்கு மட்டும் பயன்படுத்தியவருக்கு அது ஐயமின்றி மேம்பட்டது. அவர் பெற்றவற்றுள் ஒரு பகுதி கடன் தீர்த்தல், ஒரு பகுதி கொடை. அதே கருவியைக் கணினியாகவும் பயன்படுத்தியவருக்கு 2010 ஏப்ரல் 1-க்குப் பின் அது குறைவுபட்டது. பின்னாளில் வாங்கியவர் குறைந்த விலையில் உறுதியான கருவியைப் பெற்றார்; ஆனால் அக்கருவி 2006-இல் விற்கப்பட்டதைக் காட்டிலும் குறுகிய பயனுடையது. பலவாகப் பயன்படத்தக்க கணிப்பொறியாக அறிமுகமான ஒன்று, சிறந்த விளையாட்டுக் கருவியாக முதிர்ந்தது. அம்முதிர்ச்சிக்கு அது தந்த விலை, தொடக்கத்தில் அதற்கிருந்த அகலம்.

இவ்விடைகளைக் கூட்டி ஒன்றாக்கும் முயற்சி, யாரேனும் ஒரு பயனரைக் கணக்கிலிருந்து நீக்கியே வெற்றிபெறும். தமிழில் காணொளி விளையாட்டுகளையும் அவற்றின் கருவிகளையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் முயற்சிகள் பெருகவேண்டிய இக்காலத்தில், பதிப்பியல் நமக்குக் கற்றுத்தந்த எளிய ஒழுக்கத்தை இத்துறைக்கும் கொண்டுசெல்லலாம். எப்பதிப்பு என்று குறிப்பதும், விடுபட்டது எது என்று சொல்வதும் அவ்வொழுக்கத்தின் தொடக்கம். ‘மேம்படுத்தல்’ என்ற அறிவிப்பை நிறுவனம் வெளியிடலாம். அது மேம்பாடுதானா என ஆராய்ந்து உரைப்பது திறனாய்வின் பணியாகும்.